டெண்டர்ப் பெட்டி இருந்த இடத்தில் இப்போது ஒன்லைன்: எங்கள் கடைகளுக்கு என்ன மாறியது?

களுவாஞ்சிக் கடைக்காரன் | வெள்ளி இரவு 9.10

களுவாஞ்சிகுடியில் 14 வருடமாக ஸ்டேஷனரியும் கொம்பியூட்டர் சாமானும் விற்கிறேன். பாதி வியாபாரம் பள்ளிக்கூடப் பிள்ளைகள், மீதிப் பாதி அரச அலுவலகங்கள். பிள்ளைகள் காசைக் கையில் தருவார்கள். அலுவலகங்களைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

இன்று பின்னேரம் 4.20க்கு ஒரு மின்னஞ்சல். ஒரு அலுவலகம் (பெயர் வேண்டாம், நாளைக்கும் அங்கே போக வேண்டும்) லேசர் பிரிண்டர் 6, ஏ4 தாள் 60 ரிம், கோப்பு மட்டை 500க்கு விலை கேட்டிருக்கிறது. முடிவு நேரம் திங்கள் காலை 10 மணி. நடுவில் சனி, ஞாயிறு. கொழும்பு ஏஜெண்ட் சனிக்கிழமை பகலுக்குமேல் போன் எடுக்கமாட்டார்.

பிரிண்டரின் விவரக்கூற்றைப் பாருங்கள். நிமிடத்துக்கு 38 பக்கம், சரி. இரண்டு பக்கமும் அச்சடிக்க வேண்டும், சரி. நிறை 11.4 கிலோவாக இருக்க வேண்டுமாம். பிரிண்டரைத் தூக்கிக்கொண்டா திரியப்போகிறார்கள்? ஒரு கொம்பனியின் புறோஷரை அப்படியே இறக்கி வைத்திருக்கிறார்கள். அந்த மொடலை இந்தப் பக்கத்தில் யார் வைத்திருக்கிறார் என்று எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

விலையை ஒன்லைனில் ஏற்ற வேண்டும். அதையே அச்சடித்து, சீல் குத்தி, உறையிலிட்டுப் பெட்டியிலும் போட வேண்டும். இரண்டும் வந்தால்தான் செல்லுமாம். பெட்டிக் காலத்தில் ஒரு வேலை இருந்தது, இப்போது இரண்டு வேலை. அலுவலகத்தில் இருக்கிறவர்கள் யாராவது இதை வாசித்தால் விளக்கம் சொல்லுங்கள். திட்டமாட்டேன்.

சாய்ந்தமருது நானா | வெள்ளி இரவு 9.31

தம்பி, 11.4 கிலோவில் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு ஒருமுறை கதிரைக்கு வந்த விவரக்கூற்றில் "எமது காட்சியறைக்கு வருகை தாருங்கள்" என்று ஒரு வரி. பிரதி பண்ணியவர் அதை அழிக்க மறந்துவிட்டார்.

என்னுடைய தலையிடி வேறு. வருடக் கடைசியில் விநியோகத்தர் பதிவு என்று விளம்பரம் வரும். அம்பாறை மாவட்டத்தில் பிரதேச செயலகம் மட்டும் 20. அதற்குமேல் சபைகள், வலயக் கல்வி அலுவலகங்கள், ஆஸ்பத்திரிகள், நீர்ப்பாசனம். ஒவ்வொரு இடத்திலும் பொருள் வகைக்கு இவ்வளவு என்று திரும்பி வராத காசு. அதே வியாபாரப் பதிவு, அதே அடையாள அட்டை, அதே வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், எல்லாம் போட்டோகொப்பி. போன வருடம் 13 இடத்தில் பதிந்தேன். விலை கேட்டது 4 இடம். ஒரு இடத்தில் பதிந்தால் எல்லா இடத்துக்கும் செல்லும் என்று வரட்டும், நானே போய் சலாம் வைப்பேன்.

விநியோகக் கிளை | வெள்ளி இரவு 10.05

திட்டமாட்டேன் என்றதால் எழுதுகிறேன் அண்ணன். நான் ஒரு பிரதேச செயலகத்தில் முகாமைத்துவ சேவை உத்தியோகத்தர். மாவட்டம் உங்களுடையதுதான். உங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பிய அலுவலகம் எங்களுடையது இல்லை என்று நம்புகிறேன்.

வெள்ளி பின்னேரம் அனுப்புவது வேண்டுமென்றே செய்கிற வேலை என்று நினைப்பீர்கள். அப்படியும் சில இடத்தில் நடக்கும், மறுக்கவில்லை. எங்கள் கதை இப்படி: கட்டுநிதி (திறைசேரி அனுப்புகிற காசு) நவம்பர் நடுவில்தான் கைக்கு வரும். டிசம்பர் 31க்குள் வாங்கி, பாரமெடுத்து, வவுச்சர் போட்டுக் காசைக் கொடுக்காவிட்டால் அந்த வருட ஒதுக்கீடு போச்சு. பைல் என்னிடமிருந்து நிர்வாக உத்தியோகத்தர், அவரிடமிருந்து கணக்காளர், பிறகு டிஎஸ் (பிரதேச செயலாளர்). டிஎஸ் கூட்டத்துக்குப் போனால் பைல் அவர் மேசையில் படுத்துக் கிடக்கும். வெள்ளி நாலு மணிக்கு வந்து கையெழுத்து வைப்பார், 4.20க்கு நான் அனுப்புவேன். மின்னஞ்சல் ஒரு செக்கனில் உங்களிடம் வந்துவிடுகிறது. அதற்கு முந்திய பதினொரு நாள் உங்கள் கண்ணில் படாது.

பெட்டியிலும் ஏன் போடச் சொல்கிறோம்? சட்டப்படி பார்த்தால் 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் மின் ஆவணத்தை ஏற்கிறது. பயம் ஏற்கவில்லை. 2018இல் வந்த தேசிய கணக்காய்வுச் சட்டத்தின்படி நட்டத்தை உத்தியோகத்தரிடமிருந்தே அறவிடலாம். கணக்காய்விலிருந்து ஐயவினா வரும் நாளில் என் கையில் மையில் வைத்த கையெழுத்து ஒன்று இருக்க வேண்டும் என்றுதான் யோசிப்பேன். போன வருடம் ஒன்லைனில் வந்த விலைகளை அச்சடித்து, ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று பேர் கையெழுத்து வைத்து, துளையிட்டு, நாடா கட்டினோம். இரண்டு நாள் கழித்து அதை ஸ்கேன் பண்ணி மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னார்கள். நாடாவை அவிழ்த்தது நான்தான்.

11.4 கிலோ பற்றி: எனக்குப் பிரிண்டர் தெரியாது. கிளையில் யாருக்கும் தெரியாது. கூகுளில் முதலில் வந்ததைப் போட்டுவிடுவோம். நானும் செய்திருக்கிறேன், பொய் சொல்லமாட்டேன்.

களுவாஞ்சிக் கடைக்காரன் | வெள்ளி இரவு 10.22

தங்கச்சி, இவ்வளவு வெளிப்படையாகச் சொன்னதற்கு நன்றி. கோபம் பாதி போய்விட்டது. ஆனால் "அல்லது அதற்குச் சமமானது" என்று மூன்று சொல் எழுத நிபுணர் வேண்டாமே.

விநியோகக் கிளை | வெள்ளி இரவு 10.26

வேண்டாம்தான். அரச கொள்வனவு வழிகாட்டியிலேயே அப்படித்தான் இருக்கிறது. நீங்கள் நாளைக்கே தெளிவுபடுத்தச் சொல்லி மின்னஞ்சல் போடுங்கள். போனில் கேட்காதீர்கள், போனில் கேட்டது பைலில் இராது.

பழைய கச்சேரிக் கணக்கு | சனி காலை 6.40

மட்டக்களப்புக் கச்சேரி (மாவட்டச் செயலகம்) கோட்டைக்குள் இருந்த காலத்துக் கணக்காளன் நான். இப்போது அது திராய்மடுவுக்குப் போய்விட்டது. எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை, அதனால் காலையில் இதையெல்லாம் வாசிக்க நேரம் இருக்கிறது.

பெட்டியை இவ்வளவு நல்லதாக நினைக்காதீர்கள் தம்பி. நான் இருந்த ஒரு வெளி அலுவலகத்தில் பெட்டிக்கு இரண்டு பூட்டு, சாவிகள் இரண்டு பேரிடம். ஒழுங்காகத்தான் இருக்கும். ஆனால் பெட்டிக்கு மேலே சுவர் மணிக்கூடு ஒன்று, பத்து நிமிடம் பிந்தி ஓடும். இரண்டு மணிக்கு மூட வேண்டிய பெட்டியை அந்த மணிக்கூட்டைப் பார்த்துத்தான் மூடுவார்கள். யாருக்காகப் பிந்தி ஓடுகிறது என்பது ஊரிலுள்ள ஒப்பந்தக்காரர் எல்லோருக்கும் தெரியும். மற்றவர்களின் உறைகள் விழுந்த பிறகு ஒரு உறை வரும். அதில் இருக்கும் விலை முந்திய உறைகளைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கும், அதிசயம்! கொம்பியூட்டர் மணிக்கூட்டில் இந்த வித்தை நடக்காது. பத்து மணி என்றால் பத்து மணிதான். இதைச் சின்ன விஷயம் என்று சொல்லாதீர்கள், இதற்காக வயிறெரிந்து தொழிலை விட்டவர்களை எனக்குத் தெரியும்.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். விலை திறப்பது ஒரு பத்து நிமிட வேலை. விவரக்கூற்று எழுதுவதற்கு ஒரு மாதம் போகும், காசு கொடுப்பதற்குச் சில நேரம் ஒரு வருடம். இயந்திரத்தைக் கொண்டுபோய் அந்தப் பத்து நிமிடத்தில் காவலுக்கு வைத்துவிட்டு, மாதத்தையும் வருடத்தையும் பழைய ஆட்களிடமே விட்டிருக்கிறோம். கள்ளன் இனி சுவரேறிப் பாய மாட்டான், பிரிண்டர் எத்தனை கிலோ என்று எழுதுவான்.

விதிகளும் ஒரு இடத்தில் நிற்கவில்லை. 2006 பெறுகை (அரச கொள்வனவு) வழிகாட்டியை வைத்துத்தான் நான் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்தேன். தேசியப் போட்டி விலைமனுவுக்குக் குறைந்தது 21 நாள், சர்வதேசத்துக்கு 42 நாள் என்றது அது. சின்னக் கொட்டேஷன்களுக்கு நாட்கள் குறைவு, உங்கள் வெள்ளி-திங்கள் கூத்து அந்த இடைவெளிக்குள்தான் நடக்கிறது. 19ஆவது திருத்தத்தோடு 2015இல் தேசிய பெறுகை ஆணைக்குழு வந்தது. 2020இல் 20ஆவது திருத்தம் அதைத் தூக்கிப்போட்டது, 2022இல் 21ஆவது திருத்தம் திரும்பக் கொண்டுவந்தது. புதிய வழிகாட்டிகள் 2025 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தன. நானா கேட்கிற ஒரே பதிவுக்கு நிதி அமைச்சின் "ப்ரொமிஸ்" தளம்தான் வழி. அதில் பதிந்து வையுங்கள். அலுவலகங்கள் தங்கள் சொந்தப் பட்டியலை எப்போது கைவிடும் என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

கல்லடிக் கோட் | சனி காலை 9.15

ஐயா சொன்ன மணிக்கூட்டுக் கதைக்காகவே இந்தப் பக்கத்தைச் சேமித்து வைக்கிறேன்.

நான் மென்பொருள் எழுதுகிறவன், என் பக்கத்தைச் சொல்கிறேன். நம் ஆட்கள் டிஜிட்டல் என்றால் தபாற்பெட்டிக்குப் பதிலாக இன்பொக்ஸ் என்று நினைக்கிறார்கள். உக்ரைனின் அரச கொள்வனவுத் தளமான புரோஸோரோவைப் பாருங்கள். 2016இல் எல்லா அரச நிறுவனத்துக்கும் கட்டாயமாக்கினார்கள். "எல்லோரும் எல்லாவற்றையும் பார்க்கலாம்" என்பதுதான் அவர்கள் பேச்சு. யார் என்ன விலை போட்டார், யார் நிராகரிக்கப்பட்டார், என்ன காரணம், பிறகு எழுதிய ஒப்பந்தம் என்ன, எல்லாம் தேடக்கூடிய தரவாகக் கிடக்கிறது. வீட்டிலிருந்தே ஒருவர் ஒரு ஊரின் ஏ4 தாள் விலையைப் பக்கத்து ஊரோடு ஒப்பிடலாம். அவ்வளவு தூரம் போகாவிட்டாலும் பங்களாதேஷ் 2011இலேயே மின் பெறுகையைத் தொடங்கிவிட்டது. நாங்கள் ஸ்கேன் பண்ணிய பிடிஎஃப் போடுகிறோம், அதுவும் சரிந்து.

மாதர் சங்கம் | சனி பகல் 1.48

நான் போரதீவுப்பற்றுப் பக்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளர். கல்லடித் தம்பி, உங்கள் உக்ரைன் நல்லது. எங்களுக்கு முதலில் போரதீவுப்பற்றில் சிக்னல் வரட்டும். இதைக்கூடக் குளக்கட்டில் ஏறி நின்றுதான் அனுப்புகிறேன்.

எங்கள் சங்கத்துக்கு 60 மீற்றர் வடிகான் வேலை ஒன்று வந்தது. சின்ன வேலைகளைச் சங்கங்களுக்குக் கொடுப்பார்கள்தானே, ஊர்ப் பெண்களுக்கும் நாலு நாள் கூலி கிடைக்கும். பதிவதற்குச் சங்கத்துக்கென்று மின்னஞ்சல் கேட்டார்கள். தலைவியின் மகன் உண்டாக்கித் தந்தான். பாஸ்வேர்ட் அவனுக்குத்தான் தெரியும். மறுகா அவன் கட்டாருக்குப் போய்விட்டான். ஓடிபி வந்தால் அவன் டூட்டி முடிந்து அறைக்கு வந்து வட்ஸ்அப்பில் இலக்கத்தைச் சொல்லுவான், அதற்குள் அது காலாவதி. மூன்று இரவு இப்படிப் போனது. நாலாவது இரவு அவன் சூப்பர்வைசரிடம் கெஞ்சி வேலை நேரத்தில் போனை எடுத்துப் பார்த்துச் சொன்னான். கிராமத்து வடிகானுக்காக டோஹாவில் ஒரு பிள்ளை ஏச்சு வாங்கியது.

அடுத்தது படிவம். தமிழில்தான் அனுப்பியிருந்தார்கள், நல்லது. கொமினிகேஷன் கடையில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக நண்டு நடந்த மாதிரி. கடைப் பொடியன் பார்த்துவிட்டு "இது பாமினி எழுத்துரு அக்கா, என்னுடைய மெஷினில் இல்லை" என்றான். அதற்கு ஒரு நாள்.

பெட்டி என்றால் பஸ்ஸில் போய்ப் போட்டுவிட்டு வருவோம். பாதை தெரியும்.

கல்லடிக் கோட் | சனி பகல் 2.20

மன்னிக்க வேண்டும் அக்கா. தமிழ் ஒருங்குறிக்கு (யூனிகோட்) 2008இலேயே இலங்கைத் தரம் எழுதியாயிற்று. இன்னும் பாமினியில் படிவம் வருவது வெட்கக்கேடு, அதை இலவசமாக மாற்றித் தரவே என்னால் முடியும், அனுப்புங்கள். ஆனால் பாதை தெரியும் என்பதற்காகப் பெட்டியோடேயே நிற்க முடியாது அல்லவா.

மாதர் சங்கம் | சனி பகல் 2.31

நிற்கச் சொல்லவில்லை தம்பி. ஏறும்போது எங்களையும் ஏற்றிக்கொள்ளச் சொல்கிறேன்.

களுவாஞ்சிக் கடைக்காரன் | சனி இரவு 8.02

எனக்கு வேறு ஒரு பயம். எல்லாம் ஒன்லைன் ஆனால் கொழும்புக்காரன் அங்கிருந்தபடியே விலை போடுவான். அவன் கொம்பனியிலிருந்து நேராக எடுப்பவன், நான் மூன்றாவது கை. பிரிண்டர் பழுதானால் ஒரு போனில் ஓடி வருகிறவன் நான். அதற்கு விலைப் படிவத்தில் கட்டம் கிடையாது.

கல்லடிக் கோட் | சனி இரவு 8.40

இதற்கு ஆய்வே இருக்கிறது அண்ணன். இந்தியாவில் பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தையும் இந்தோனேசியாவில் பொதுப்பணி அமைச்சின் வேலைகளையும் எடுத்து, மின் பெறுகை வந்ததும் என்ன நடந்தது என்று பார்த்தார்கள், 2016இல் வெளிவந்தது. அரசு கொடுத்த விலை குறையவில்லை. ஆனால் இந்தியாவில் சாலையின் தரம் கூடியது, இந்தோனேசியாவில் வேலை பிந்துவது குறைந்தது. நீங்கள் சொன்னதும் நடந்தது: இரண்டு நாட்டிலும் வெளிப் பிரதேசத்தவர் வெல்வது கூடியது. ஆய்வாளர்கள் அதை நல்ல அறிகுறியாகத்தான் பார்க்கிறார்கள், நல்ல ஒப்பந்தக்காரர் உள்ளே வர வழி திறந்தது என்று.

களுவாஞ்சிக் கடைக்காரன் | சனி இரவு 8.44

நல்ல அறிகுறி யாருக்கு?

பழைய கச்சேரிக் கணக்கு | சனி இரவு 9.10

இரண்டு பேரும் சரி, அதுதான் கஷ்டம். சாலை போடுகிறவர் வெளியூர்க்காரர் என்றால் சாலை நன்றாக இருந்தால் போதும், அவர் முகம் தேவையில்லை. பிரிண்டர் அப்படி இல்லை. பழுது பார்க்கும் ஆள் 24 மணி நேரத்துக்குள் வர வேண்டும் என்று நிபந்தனையில் எழுதினால் தம்பியின் ஓடி வருகிற காலுக்கும் விலை கிடைக்கும். எழுதுவதில்லை. மறுபடியும் விவரக்கூற்றில் வந்து நிற்கிறோம் பாருங்கள்.

ஆர்டிஐ அக்கரைப்பற்று | ஞாயிறு காலை 10.30

வெள்ளி இரவிலிருந்து வாசித்துக்கொண்டிருக்கிறேன். ஒருவரும் தகவலறியும் உரிமையை (ஆர்டிஐ) தொடவில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின் 9ஆம் பிரிவைப் பாருங்கள். உள்நாட்டுப் பணத்தில் 5 லட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட வேலைத்திட்டம் என்றால் நாங்கள் கேட்காமலே தகவலை வெளியிட வேண்டிய கடமை அமைச்சருக்கு இருக்கிறது. வெளிநாட்டு நிதி என்றால் ஒரு லட்சம் டொலர்.

அதற்குக் கீழே உள்ளதைக் கேட்டு வாங்க வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று சொல்ல வேண்டும். கேட்கும் விதத்தில் கவனம் தேவை. "என்னை ஏன் நிராகரித்தீர்கள்" என்று கேட்டால் அது தகவல் இல்லை, முறைப்பாடு. தொழில்நுட்ப மதிப்பீட்டுக் குழுவின் அறிக்கைப் பிரதி, விலை திறந்த அன்று எழுதிய பதிவு, கொள்வனவுக் கட்டளையின் பிரதி என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். தெரிவு முடிந்த பிறகு கேளுங்கள், நடக்கும்போது தரமாட்டார்கள், அது நியாயமும்கூட.

ஒருமுறை ஒரு மதில் வேலையின் விவரம் கேட்டேன். தந்தார்கள், போனில் எடுத்த படம். மேசையில் இருந்த தேநீர்க் கோப்பையும் படத்தில் விழுந்திருந்தது. தொகையின் கடைசி மூன்று இலக்கத்தைக் கோப்பையின் பிடி மறைத்திருந்தது!

சாய்ந்தமருது நானா | ஞாயிறு காலை 11.05

அல்லாஹ்! அந்தக் கோப்பை எந்தக் கொம்பனி, எத்தனை கிராம் என்று கேளுங்கள்.

சரி, காசைப் பற்றிப் பேசுவோம். 2025 பெப்ரவரியில் கோவ்பே வந்தது. அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டியதைப் போனிலேயே கட்டலாம், நல்ல வசதி, நானே பாவிக்கிறேன். எங்களிடமிருந்து எடுக்கிற கை இவ்வளவு வேகமாக நீள்கிறதே, கொடுக்கிற கைக்கு ஒரு அப் இல்லையா? ஏப்ரலில் கொடுத்த 40 கதிரைக்குச் செப்டெம்பரில் காசு வந்தது. அந்த ஐந்து மாத வட்டியை அடுத்த கொட்டேஷனில் போட்டுத்தான் விலை எழுதுகிறேன். அரசாங்கம் என்னிடம் மலிவாக வாங்க வேண்டுமென்றால் முதலில் நேரத்துக்குத் தரட்டும்.

விநியோகக் கிளை | ஞாயிறு பின்னேரம் 4.50

நானா சொல்வது முழு உண்மை. கட்டுநிதி வராவிட்டால் மென்பொருள் என்ன செய்யும்? வவுச்சர் தயாராகத்தான் இருக்கும். ஒன்று மட்டும் ஒன்லைனில் வரலாம், அதற்குப் பெரிய செலவும் இல்லை: உங்கள் வவுச்சர் எந்த மேசையில் நிற்கிறது என்று நீங்களே பார்க்கிற மாதிரி. பார்சல் எங்கே என்று பார்க்கிறோமே, அப்படி. ஒரு நாளைக்கு எனக்கு இருபது போன் குறையும்.

வெள்ளக் காலத்தையும் சொல்லிவிடுகிறேன். கிரான் பக்கம் பாதைக்கு மேலால் தண்ணீர் போகும்போது கரண்ட் இல்லை, நெட் இல்லை. சமைத்த சாப்பாட்டுக்கு அரிசி, பருப்பு உடனே வேண்டும். பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்துக்குத் துண்டுக் கடதாசியில் எழுதிக் கொடுத்து எடுப்போம். தண்ணீர் வடிந்த பிறகு அந்தத் துண்டுகளை உலர்த்தி, ஒவ்வொன்றாக முறைமையில் ஏற்றுவோம். திகதி கேட்கும். அன்றைய திகதியைப் போட்டால் முறைமை ஏற்காது, பிந்திவிட்டது என்று சிவப்பில் காட்டும். போன தடவை காரணம் எழுதும் இடத்தில் "வெள்ளம்" என்று 63 தடவை எழுதினேன்.

களுவாஞ்சிக் கடைக்காரன் | திங்கள் பகல் 12.40

போய் வந்தேன், சொல்லிவிடுகிறேன்.

தங்கச்சி சொன்ன மாதிரி சனிக்கிழமை மின்னஞ்சல் போட்டிருந்தேன். இன்று காலை 9.05க்கு எல்லோருக்கும் பதில் வந்தது, நிறை பற்றிய நிபந்தனையை எடுத்துவிட்டார்களாம். ஒன்லைன் சரியாக 10 மணிக்கு மூடிக்கொண்டது. பெட்டி 11.25க்குத்தான் திறந்தது, ஒரு சாவிக்காரர் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போயிருந்தாராம். ஐயா, சுவர் மணிக்கூடு இருந்தது. சரியாகத்தான் ஓடியது, போனோடு ஒப்பிட்டுப் பார்த்தேன்.

பிரிண்டருக்கு மூன்று விலை. எனக்கு மேலே ஒரு கொழும்புக் கடை, பிரிண்டர் ஒன்றுக்கு 350 ரூபா குறைவு. அவர்களுடைய பிரிண்டர் 9 கிலோ. நான் அந்த மின்னஞ்சலைப் போடாமல் விட்டிருந்தால் அவர்கள் வெளியே போயிருப்பார்கள். நானும் வெளியே போயிருப்பேன், அது வேறு கதை. தாளிலும் கோப்பு மட்டையிலும் வாசித்த விலைப்படி நான்தான் குறைவு.

சாய்ந்தமருது நானா | திங்கள் பகல் 12.52

தாள் என்ன விலைக்குப் போட்டாய்?

களுவாஞ்சிக் கடைக்காரன் | திங்கள் பகல் 12.55

அதைச் சொல்ல முடியுமா நானா, தொழில்.

கல்லடிக் கோட் | திங்கள் பகல் 12.58

சபையில் வாசித்தாயிற்றே அண்ணன், இனி என்ன ரகசியம்?

களுவாஞ்சிக் கடைக்காரன் | திங்கள் பகல் 1.10

சரி. 1,790.

சாய்ந்தமருது நானா | திங்கள் பகல் 1.12

அடே, என்னுடைய ஏஜெண்டே எனக்கு 1,810க்குத்தான் தருகிறான்! யார் உன்னுடைய ஆள்?

களுவாஞ்சிக் கடைக்காரன் | திங்கள் பகல் 1.15

அதை ஆர்டிஐயில் கேளுங்கள் நானா.